பேக்கிங் கூடத்து ஆரஞ்சு விளக்கு

ஜூன் 3, செவ்வாய்

இன்று பிஸ்கட் மேல் நடந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பேக்கிங் கூடத்தின் தரை முழுக்கக் கணுக்கால் அளவுக்குக் குவிந்து கிடந்தது. மிதிக்காமல் போக வழியே இல்லை. அந்த நொறுங்கும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அடுப்புக் கூடத்துக்கும் பேக்கிங் கூடத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள். காலையில் அது செத்துப்போனது. அது போனால் பேக்கிங்கில் எடை மெஷினும் லேபிள் மெஷினும் ஊமையாகிவிடும். அடுப்புக்கு மட்டும் அது தெரியாது. அது பாட்டுக்குச் சுட்டுத் தள்ளிக்கொண்டே இருந்தது. யாரோ ஓடிப்போய் நிறுத்துவதற்குள் பெல்ட்டில் வந்ததெல்லாம் தரையில்.

பேக்கிங் பொறுப்பாளரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறோம். ஐம்பதைத் தாண்டியவர். மெஷின்கள் ஓடும்போதும் அந்தக் கோடிவரை கேட்கும் தொண்டை. என்னைப் பார்த்ததும், "வாம்மா வா, பார்த்து வா. உன் கேபிள் பண்ண வேலை கால்ல குத்தும்" என்றார்.

மேனேஜரிடம் ஸ்விட்சுக்குப் போகும் கேபிள் போய்விட்டது என்றேன். "ஸ்விட்ச்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்களேன்" என்றார். சுவரில் இருக்கும் ஸ்விட்ச் இல்லை சார், எல்லா நெட்வொர்க் கேபிளும் வந்து சேருகிற பெட்டி என்று ஆரம்பித்தேன். இது எத்தனையாவது முறை!

தரையோடு ஒரு தற்காலிகக் கேபிளை இழுத்து, டேப் ஒட்டி, மதியத்துக்குள் ஓடவைத்தேன். இந்தத் தொழிற்சாலையில் நெட்வொர்க் ஆள் நான் ஒருத்திதான். வேறு யார் ஓடுவது?

தங்கை, சின்னவள், போன் செய்திருக்கிறாள். எடுக்கவில்லை.

ஜூன் 4, புதன்

காரணம் தெரிந்தது. எந்தப் புண்ணியவானோ அந்தக் காலத்தில் கேபிளை அடுப்பின் புகைக்குழாயோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். மேலுறை மெழுகுபோல் உருகிக் குழாயிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"புதுசு ஒண்ணு போட்டுடுங்க" என்றார் மேனேஜர்.

"ரெண்டு போடணும் சார்."

"ஒண்ணு போதாதா?"

"ஒண்ணே ஒண்ணு இருந்ததாலதான் நேத்து எல்லாரும் பிஸ்கட்டை மிதிச்சோம்."

சிரித்தார். யோசிக்கிறேன் என்றார். அவர் அகராதியில் அதற்கு முடியாது என்று பொருள்.

ஜூன் 8, ஞாயிறு

சின்னவளுடன் நிதானமாகப் பேசினேன். வயிறு தெரிய ஆரம்பித்ததிலிருந்து அவள் குரலே மாறியிருக்கிறது, ஒரு அதிகாரம் வந்திருக்கிறது. ஜூலை கடைசியில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அவள் வீட்டுக்காரர் கப்பலில் இன்ஜின் வேலை; ஆகஸ்ட் முடியாமல் கரை இறங்க முடியாது. மாமியாருக்கு மாடிப்படி ஏறவே இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். அம்மா இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

"நீ வருவியாக்கா? நிஜமாத்தான் கேக்கறேன். முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, பக்கத்து வீட்டுல பேசி வச்சுக்கறேன்."

"வராம? வருவேன்டி."

"வருவே. உடனே உன் போன் அடிக்கும். நீ கிளம்பி ஓடுவே. என் கல்யாண போட்டோ அத்தனையிலயும் நீ காதுல போனோடதான் நிக்கறே, தெரியுமா? ஒண்ணுல கூட உன் முகம் நேரா இல்ல."

தெரியும். ஆல்பத்தைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் அவள் சொல்லிக் காட்டுவாள். இன்று விளையாட்டாகச் சொல்லவில்லை. வலி வரும்போது தனியாக இருப்போமோ என்று பயப்படுகிறாள். அதை வாய்விட்டுக் கேட்கமாட்டாள், என் தங்கை.

போவேன் என்று சொல்லிவிட்டேன். எப்படிப் போவேன்? தொழிற்சாலையில் கேபிளும் ஒன்று, நானும் ஒன்று.

ஜூன் 12, வியாழன்

லீவு கேட்டேன். "தாராளமா போங்க. ஆனா நீங்க அங்க இருக்கும்போது கேபிள் போச்சுன்னா?" என்றார் மேனேஜர். கேட்டது நியாயம்தான். ஆத்திரமாக இருந்தது.

அதனால் ஒரு பேரம் பேசினேன். இரண்டு கேபிள் போடுகிறேன். ஒன்று அறுந்தால் இன்னொன்று தானாகவே வேலையை எடுத்துக்கொள்ளும். யாரும் ஓடவேண்டாம். அதைக் கண்ணெதிரே செய்து காட்டுகிறேன், காட்டிவிட்டால் லீவு.

"அப்போ மத்த நேரத்துல அந்த ரெண்டாவது சும்மாவா இருக்கும்?"

"சும்மாதான் சார் இருக்கும்."

"சம்பளம் வாங்கிட்டு உக்காந்திருக்கிற ஆள் மாதிரி?"

"தீயணைப்பு வண்டி மாதிரி" என்றேன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சரி என்று தலையாட்டினார். தலையாட்டினார்!

ஜூன் 19, வியாழன்

எலக்ட்ரீஷியனோடு நாள் முழுக்க மல்லுக்கு நின்றேன். அவருக்கு இரண்டு கேபிளையும் ஒரே குழாயில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகவேண்டும். "ரெண்டும் ஒரே வழியில போனா ஒரே அடியில ரெண்டும் போயிடுமே" என்றேன். "எல்லாத்துக்கும் கெட்டதையே நினைச்சா எப்படி மேடம்?" என்றார். என் வேலையே அதுதான் என்றேன்.

கடைசியில் ஒன்று முற்றத்துச் சுவரோரமாகக் குழாய்க்குள் போகிறது. இன்னொன்று கூரை மேல் சுற்றிக்கொண்டு போகிறது. கூரைத் தகடு கொதித்தது. முழங்கையில் சின்னதாக ஒரு சூடு. பரவாயில்லை.

ஜூன் 27, வெள்ளி

இணைத்தாயிற்று.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. அடுப்புப் பக்கம் சர்வர் அறையில் ஒன்று, பேக்கிங் கூடத்தில் ஒன்று என்று இருக்கும் இரண்டு ஸ்விட்ச் பெட்டிகளுக்கு நடுவே இரண்டு வழியும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால், ஒன்றில் போன செய்தி மற்றதில் திரும்பி வரும், மறுபடி போகும், போகும்போதே பெருகும். கண்மூடித் திறப்பதற்குள் மொத்த நெட்வொர்க்கும் மூச்சுத் திணறிவிடும். அதனால்தான் பெட்டிகள் தங்களுக்குள் பேசி ஒரு வழியை மூடி வைத்துக்கொள்கின்றன. திறந்த வழிக்குப் பச்சை விளக்கு. மூடிய வழிக்கு ஆரஞ்சு.

பேக்கிங் பெட்டியில் லேபிள் மெஷின் கேபிளைச் செருகும் இரண்டு துளைகளுக்கு மட்டும், செய்தி சுற்றி வருமா என்று பார்க்கும் இந்தச் சோதனையே வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். சோதனை முடிய அரை நிமிடம் ஆகும். மெஷினைப் போட்டதும் லேபிள் வராவிட்டால் கேப்டன் ஆட்கள் ஊரைக் கூட்டிவிடுவார்கள். இப்போதைக்கு ஒரு மெஷின்தான் இருக்கிறது, இன்னொரு துளை காலி.

கூரைக் கேபிளைச் செருகினேன். பெட்டி யோசித்தது. சுவரோரக் கேபிளுக்குப் பச்சை, கூரைக் கேபிளுக்கு ஆரஞ்சு! நினைத்தபடியே. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதைப் போய் அழகு என்றால் சிரிப்பார்கள். எனக்கு அழகாகத்தான் இருந்தது.

செய்து காட்டுவது அடுத்த வாரம். மேனேஜர் ஊரில் இல்லை.

ஜூன் 28, சனி

"என்ன, காலையிலருந்து பாட்டு பலமா இருக்கு?" என்றார் வீட்டில் இவர். நான் பாடினேனா?

ஜூலை 3, வியாழன்

எல்லாம் போச்சு.

பேக்கிங் மட்டுமில்லை. அடுப்பு கன்ட்ரோல், ஆபீஸ், கேட், போன் எல்லாம். ஷிப்ட் ஆரம்பித்த கையோடு. சர்வர் அறைக்குள் போனால் பெட்டியின் அத்தனை விளக்கும் வெறிபிடித்ததுபோல் ஒன்றாகத் துடித்துக்கொண்டிருக்கிறது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது – செய்தி சுற்றிச் சுற்றி வருகிறது. எப்படி? மூடித்தானே இருந்தது? என் கண்ணாலே பார்த்தேனே?

கூரைக் கேபிளைப் பிடுங்கினேன். அடங்கியது. அதற்குள் அடுப்புக்குள் இருந்ததெல்லாம் கரி. முற்றம் முழுக்கப் புகை நாற்றம், என் தலைமுடியில் இன்னும் இருக்கிறது.

மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஒண்ணு இருந்தப்போ பேக்கிங் மட்டும் நின்னுச்சு. ரெண்டு போட்டீங்க, மொத்தமும் நின்னுச்சு. பழையபடி ஒண்ணே இருக்கட்டும். லீவைப் பத்தி இப்போ பேச வேணாம்."

சின்னவளிடம் என்னத்தைச் சொல்வேன்? என்னத்தைடீ சொல்லுவேன்?

ஜூலை 4, வெள்ளி

இன்று நிதானமாகப் பேக்கிங் கூடத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கூரைக் கேபிள் நான் செருகிய துளையில் இல்லை. லேபிள் மெஷினுக்கான காலித் துளையில் இருக்கிறது. சோதனை இல்லாத துளை. கதவைத் திறந்துவிட்டு, காவல்காரனையும் வீட்டுக்கு அனுப்பிய மாதிரி.

"யார் மாத்தினது?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார் கேப்டன், கொஞ்சமும் யோசிக்காமல். "நேத்து ஷிப்டுக்கு முன்னாலதான் கவனிச்சேன், ஆரஞ்சு எரிஞ்சுச்சு. பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார்த்தேன், போகல. பக்கத்துல மாத்தினேன், பச்சை வந்துடுச்சு."

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ. யாரைக் கேட்டுத் தொட்டீங்க, உங்களுக்கு என்ன தெரியும், என் பொழைப்பே போச்சு – கூடம் முழுக்கக் கேட்கக் கத்தினேன். அவருடைய ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் பதில் பேசவில்லை. அந்தத் தொண்டைக்குப் பதில் பேசாமல் இருக்கத் தெரியும் என்று இன்றுதான் தெரிந்தது. தலையுறையைச் சரிசெய்துகொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

சின்னவள் பேசினாள். பை தயாராக வைத்திருக்கிறாளாம், குழந்தைத் துணிகளைத் துவைத்துக் காயவைத்தாளாம். நான் ம், ம் என்றேன்.

இவர் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேப்டனைப் பற்றி நான் புலம்பியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஆரஞ்சுன்னா நல்லதுன்னு அவங்களுக்கு யாரு சொன்னது?" என்றார்.

"எனக்குத் தெரியும்ல?"

"உனக்குத் தெரியும்."

அதைச் சொல்லிவிட்டுக் காலரைத் தேய்க்கப் போய்விட்டார். கொலைவெறி வந்தது. சரியாகச் சொல்லிவிட்டாரே என்பதால்.

ஜூலை 7, திங்கள்

ஷிப்டுக்கு முன்னாலேயே பேக்கிங் கூடத்துக்குப் போனேன். கேப்டன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆட்கள் எல்லோரும் வரட்டும் என்று காத்திருந்தேன். எல்லோர் எதிரிலும் கத்தினேன், மன்னிப்பையும் எல்லோர் எதிரிலும்தான் கேட்கவேண்டும். கேட்டேன்.

கேப்டன் என் தோளைப் பிடித்துத் திருப்பிச் சுவரைக் காட்டினார். பெரிய பலகை. பச்சை – ஓட்டு. ஆரஞ்சு – ஷிப்ட் ஆரம்பிக்கும் முன் சரிசெய். சிவப்பு – நிறுத்து, கத்து. ஒருமுறை ஆரஞ்சைப் பார்த்தும் பார்க்காததுபோல் மெஷினை ஓட்டி, ஒரு பெண்ணின் விரல் போயிருக்கிறது. அதற்குப் பிறகு வைத்த பலகையாம். புதிதாக யார் வந்தாலும் முதல் நாள் இதைத்தான் ஒப்பிக்கவேண்டும். தினமும் அதைக் கடந்துதான் அந்தப் பெட்டிக்குப் போகிறேன். ஒருநாளும் நின்று படித்ததில்லை.

"ஆரஞ்சைப் பார்த்தா கை தானா போயிடும்மா. நீ போட்ட விளக்கு வேற சாதின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும்?

"சரி விடு. இப்போ சொல்லு, அது ஏன் ஆரஞ்சா இருக்கணும்?"

அவருடைய பெல்ட்டையே காட்டினேன். இதன் கடைசியைக் கொண்டுபோய் ஆரம்பத்திலேயே சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? பிஸ்கட் பெட்டியில் விழாது, சுற்றிக்கொண்டே இருக்கும். அடுப்பிலிருந்து வேறு மேலே மேலே வந்துகொண்டிருக்கும்.

"ஐயோ, கூரை வரைக்கும் குமியுமே!" என்றார்.

"அதுதான் வியாழக்கிழமை நடந்துச்சு."

கேப்டன் பெட்டியை நோக்கி விரலை நீட்டினார். "அப்போ அந்தப் பச்சை போச்சுன்னா, இந்த ஆரஞ்சு பச்சையா மாறணும். அப்படித்தானே? மாறலைன்னா நான் என்ன பண்ணட்டும்?"

மேனேஜர் இதுவரை கேட்காத கேள்வி. எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். கூரைக் கேபிளைப் பழைய துளைக்கே மாற்றி, காலியான அந்தத் துளையையும் அடைத்துவிட்டேன். என்னத்தைச் செருகினாலும் இனி அது உயிர் பெறாது. கேப்டன் லேபிள் மெஷினிலேயே ஒரு லேபிள் அடித்துப் பெட்டியில் ஒட்டினார்: "இங்கே ஆரஞ்சு நல்லது. தொடாதே." தேதி இல்லாமல் அந்த மெஷினுக்கு அடிக்கத் தெரியாது. அதனால் கீழே, அடுத்த ஆண்டு ஜனவரிக்கு முன் பயன்படுத்தவும் என்று இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

கேப்டன் என்னோடு மேனேஜர் அறைக்கு வந்தார். நான் கூப்பிடவில்லை. "கை வச்சது நான் சார். அதுக்காக ரெண்டாவது கேபிளை எடுக்காதீங்க. இன்னொரு தடவை தரையிலருந்து பிஸ்கட் அள்ள என் இடுப்பு ஒத்துழைக்காது."

மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அடுப்பு ஓடும்போதே செய்து காட்டவேண்டும், ஒரு பிஸ்கட்கூடக் கீழே விழக்கூடாது என்றார். அடுத்த செவ்வாய்.

ஜூலை 13, ஞாயிறு

விழுமோ? விழாது. விழுமோ?

ஜூலை 15, செவ்வாய்

விழவில்லை!

மேனேஜர் பெல்ட் பக்கத்தில், நான் பெட்டி பக்கத்தில். கேபிளைப் பிடுங்கவேண்டியது கேப்டன். அதை நான்தான் கேட்டுக்கொண்டேன். நான் ஊரில் இல்லாதபோது அந்தப் பெட்டியின் முன்னால் நிற்கப்போவது அவர்தானே. பச்சை எரிந்த கேபிளைப் பிடித்தார், என்னைப் பார்த்தார், இழுத்தார்.

லேபிள் மெஷின் நின்றது. பெல்ட்டில் பிஸ்கட் நெருக்கியடித்துக்கொண்டு வர ஆரம்பித்தது, விளிம்பில் ஒன்று பாதி வெளியே தொங்கியது – ஆரஞ்சு அணைந்தது, பச்சை வந்தது, மெஷின் மறுபடி கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. அவ்வளவுதான். ஒரு கொட்டாவி விடும் நேரம்.

மேனேஜர் விளிம்பில் தொங்கிய பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "போயிட்டு வாங்க" என்றார்.

ஜூலை 16, புதன்

பெட்டிக்குப் புதிதாகப் பூட்டுப் போட்டு, இன்னொரு சாவியைக் கேப்டனிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. "தரப்போறியா, இல்ல சும்மா காட்டறியா?" என்றார்.

ஜூலை 21, திங்கள்

சின்னவள் வீடு. கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் போன் இருக்கிறதா என்று பார்த்தாள். "எத்தனை நாளைக்கு?" என்றாள். அவளுடைய கால்கள் வீங்கியிருக்கின்றன. வெந்நீர் வைத்துக் கால்களை அதில் வைக்கச் சொன்னேன். "உத்தரவு போடறதுல அம்மாவே தோத்துடுவா" என்று திட்டிக்கொண்டே வைத்தாள்.

ஜூலை 25, வெள்ளி

பெண் குழந்தை. காலையில் வலி எடுத்தது, மதியத்துக்குள் வந்துவிட்டாள். என் கையைச் சின்னவள் பிடித்த பிடியில் மோதிரம் பதிந்து விரல் வீங்கிவிட்டது. "போயிடாதக்கா, போயிடாதக்கா" – அதையேதான் திரும்பத் திரும்ப. எங்கே போவேன்டி? பைக்குள் போன் எங்கேயோ கிடந்தது. நினைவே வரவில்லை. இப்போது எழுதும்போதுதான் அது உறைக்கிறது.

இருவரும் நலம். அழுதுவிட்டேன். யார் பார்த்தால் என்ன?

ஜூலை 27, ஞாயிறு

"அக்கா, உன் போன் செத்துப்போச்சா?" என்றாள் சின்னவள் இன்று காலையில். "நீ வந்ததிலருந்து ஒரு தடவை கூட அடிக்கலையே."

எடுத்துப் பார்த்தேன். சார்ஜ் இருக்கிறது, சிக்னல் இருக்கிறது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. வெளியே வராந்தாவில் நின்று கேப்டனைக் கூப்பிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறதா என்றேன்.

"ஓடுதும்மா. வெள்ளிக்கிழமை லாரி ஒண்ணு பின்னால வந்து முற்றத்துச் சுவத்தை இடிச்சுடுச்சு. குழாயோட சேர்ந்து உன் கேபிளும் போச்சு. நம்ம ஆரஞ்சு பச்சையாயிடுச்சு. எலக்ட்ரீஷியன் புதுசு இழுத்துக்கிட்டிருக்கார், நாளைக்கு முடியும். ரெண்டையும் ஒரே வழியில விடப் பார்த்தார், நான் விடல."

வெள்ளிக்கிழமை. குழந்தை பிறந்த அன்று.

"எனக்கு ஏன் போன் பண்ணலை?"

"எதுக்கு? லேபிள் வந்துக்கிட்டுத்தானே இருக்கு?" என்றார். அவருக்கு நான் கேட்டதே புரியவில்லை. "அதை விடு. குழந்தை யாரு மாதிரி?"

வருத்தமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை. ஓடவேண்டிய வேலை நடந்திருக்கிறது, ஓடியிருக்கவேண்டியவள் இங்கே இருந்திருக்கிறேன், ஒரு பிஸ்கட் கீழே விழவில்லை. சந்தோஷம்தான். பெரும்பாலும்.

உள்ளே வந்தால் சின்னவள் என் பையைக் கட்டில் ஓரமாக நகர்த்தி வைத்திருந்தாள், நான் எடுத்துக்கொள்ள வசதியாக. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "கிளம்பணுமா?" என்றாள்.

"இல்லையே. குழந்தை யாரு மாதிரின்னு கேக்கறாங்க."

"என்ன சொன்னே?"

"அழுதா கேப்டன் மாதிரின்னு சொன்னேன்."

சிரித்தாள், தையல் வலிக்கிறது என்று சிரிப்பை அடக்கினாள், மறுபடி சிரித்தாள். பையை அவளே காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, "அப்படியே இரு, அசையாதே" என்று தன் போனை எடுத்தாள்.

அந்தப் போட்டோவைக் கப்பலுக்கு அனுப்பினாள், எனக்கும் அனுப்பினாள். கண்ணெல்லாம் வீங்கி, தலை கலைந்து, அசிங்கமாகத்தான் இருக்கிறேன். இரண்டு கையிலும் குழந்தை. முகம் நேராக இருக்கிறது.